பாம்புக்கு வாங்கிய இடுக்கி, கல்லடி உப்புக்காற்றில்

பாம்புக்குத் தீனி கொடுக்க இடுக்கி வாங்கப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நீளம், அடுத்தது முனை. பிராண்ட், பெட்டியில் அச்சடித்த பாம்புப் படம், ‘புரொபெஷனல்’ என்ற எழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான். சுவிஸில் இருந்த வருடங்களில் நான் ஒரு கோர்ன் ஸ்நேக் வளர்த்தேன். அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பாம்பு, விஷமில்லாதது, வளர்ந்தால் நாலைந்து அடி வரும். ஊருக்குத் திரும்பும்போது பாம்பை அங்கேயே ஒரு கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன். அதற்கென்று வாங்கிய இடுக்கிகளில் மூன்று மட்டும் என்னோடு மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்தன. இங்கே அவற்றுக்கு வேறு வேலை: ஒஸ்கார் மீன்களுக்கு றால் கொடுப்பது.

இதை எழுத வைத்தவன் மருமகன். “மாமா, வெல்லாவெளிப் பக்கம் வயலுக்குள்ள வெங்கிணாந்திக் குட்டி ஒண்டு பிடிக்கலாமாம். இடுக்கி உங்களிட்ட இருக்குத்தானே” என்று வந்து நின்றான். இடுக்கி இருக்கு, ஆனா மறியலுக்கு நீ தனியத்தான் போகவேணும் என்று சொல்லி அனுப்பினேன். வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு, இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பாம்பையும் நினைத்தபடி கொண்டுவர முடியாது. வளவுக்குள் பாம்பு வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். ஆகவே கீழே பாம்பைப் பற்றி வருவதெல்லாம் அனுமதியுள்ள நாட்டில் வளர்க்கும் நம்மவர்களுக்கு. இடுக்கியைப் பற்றி வருவது எல்லோருக்கும்.

நீளத்துக்கு வருவோம். என் பாம்புக்கு 30 சென்ரிமீற்றர் போதுமாக இருந்தது. கூட்டாளி வைத்திருந்த ‘போல் பைதன்’ (ball python) என்ற மலைப்பாம்புக்கு அது போதவில்லை. பைதன் இனத்துக்கு உதட்டோரமாகச் சிறு குழிகள் இருக்கும். சூட்டை அவற்றால் உணரும். உறைநிலையிலிருந்து எடுத்து இளக வைத்த எலி ஒரு பக்கம், அதைவிடச் சூடான உங்கள் கை இன்னொரு பக்கம் என்றால் அது எதைத் தேர்ந்தெடுக்கும்? கோர்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகள் இல்லை. அது மணத்தை நம்பி வருவது. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் கூட்டுக்குள் விட்டால் அதற்குக் கையும் எலிதான். பைதன் வளர்ப்பவர்கள் 45 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. அதற்காக நீளம் கூடக்கூட நல்லது என்றும் நினைக்கவேண்டாம். குப்பை பொறுக்கும் கம்பி போல விசை வைத்த நீட்டு இடுக்கி ஒன்றைக் கூட்டாளி வாங்கினான். பிடிக்குப் பலமில்லை, எலி பாதி வழியில் விழும், விழுந்ததைத் திரும்ப எடுக்கக் கையைத்தான் உள்ளே விடவேண்டும். எந்த ஆபத்துக்குப் பயந்து வாங்கினானோ அதே ஆபத்து.

முனை விஷயம் கொஞ்சம் நீளம். பாம்பு எலியைப் பிடிக்கும் கணத்தைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அது விளங்கும். முதலில் நாக்கு வேகமாக வந்து போகும். பிறகு நாக்கு நிற்கும், கழுத்து பின்னுக்கு இழுபட்டு வளையும். அடுத்தது அடி. அடித்த அதே வேகத்தில் உடம்பு எலியைச் சுற்றிக்கொள்ளும், சில நேரம் இடுக்கி முனையையும் சேர்த்து. அந்த நேரத்தில் இடுக்கியை விரித்து, அசையாமல் விட்டு, பிடி தளர்ந்த பிறகு மெதுவாக எடுக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பாதிக்கப்படுவது பாம்பின் வாய். அதன் பற்கள் உள்நோக்கி வளைந்த ஊசிகள், உலோகத்தில் மாட்டினால் முறியும். குறி தவறி அடிக்கும்போதும் முதலில் அடிபடுவது இடுக்கி முனைதான். அதனால்தான் கூர் முனை கூடாது, மொட்டையாக, கொஞ்சம் அகலமாக இருக்கவேண்டும் என்கிறேன்.

எலியை எங்கே பிடிப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. வாலில் பிடித்தால் ஊஞ்சலாடும், பாம்பு குறி தவறும். இடுப்புப் பக்கத் தோலில் பிடித்து, தலை பாம்பை நோக்கி இருக்கும்படி, பக்கவாட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். மேலிருந்து இறக்கினால் பருந்து வந்த மாதிரிப் பயந்து ஒதுங்கும்.

வைத்தியசாலைக் கடைகளில் கிடைக்கும் பூட்டுப்போடும் சாவணம் (கத்தரிக்கோல் மாதிரிப் பிடியுள்ள இடுக்கி) பார்க்க மிக அழகாக இருக்கும், பிடியும் இறுக்கம். பாம்புக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பாம்பு சுற்றிப் பிடித்திருக்கும்போது அந்தப் பூட்டை விரலால் நெரித்து விடுவிக்கவேண்டும். அந்த நெரிப்பிலேயே முனை துள்ளும். பூட்டில்லாத, தானாக விரியும் நேர் இடுக்கி எவ்வளவோ மேல். வாங்கும்போது கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். தகடு கடினமாக இருந்தால் கை சீக்கிரம் களைக்கும், எலியும் நசுங்கும்.

முனைக்கு ரப்பர் உறை போட்டு வருவதை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். பல்லுக்குப் பாதுகாப்பு என்பது உண்மைதான். ஆனால் என்னுடையதில் சில மாதத்துக்குள் உறை தளர்ந்து வழுக்கத் தொடங்கியது. எலியோடு சேர்ந்து உறையும் உள்ளே போனால் குடல் அடைக்கும். உறையுள்ள இடுக்கி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் தீனி கொடுப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு உறையும் இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கவேண்டும். மூங்கில் இடுக்கிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பல்லுக்கு மெத்து, விலை மலிவு, பழுதானால் எறியலாம். சுவிஸ் வீட்டில் நான் அதிகம் கையில் எடுத்தது மூங்கிலைத்தான்.

மற்றச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிப் போட்ட பை: எலியை இரவே பிரிட்ஜில் இளகவிட்டு, மறுநாள் பையோடு சுடுதண்ணியில் வைத்துச் சூடாக்கலாம். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் குளிர், ஓரிடம் வேகல், சில நேரம் வெடிப்பு. கொக்கிக் கம்பி: தீனி இல்லாமல் பாம்பை வெளியே எடுக்கும் நாளில் அதால் உடம்பை மெதுவாகத் தொட்டால், இது சாப்பாடு இல்லை என்று அது பழகிவிடும். கம்பி இல்லாதவர்களுக்குக் கடுதாசிச் சுருளின் மட்டைக் குழாயும் போதும். ஊர்வனவற்றில் சல்மனெல்லாக் கிருமி இருக்கும் என்பதால் இந்தச் சாமான் எதுவும் குசினிக்குள் போகக்கூடாது. என் மனிசி அதில் இன்னும் கண்டிப்பு. இடுக்கிகளுக்கு மீன்தொட்டிக்குக் கீழே தனி லாச்சி.

கல்லடிக்கு வந்த பிறகுதான் இரும்பின் குணம் தெரிந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரும்பு இடுக்கி இரண்டும் சுவிஸில் ஒரே மாதிரித்தான் மினுங்கின. இங்கே முதல் மாரி முடியுமுன்னே சாவணத்தின் ஆணிப் பக்கத்தில் மண்ணிறப் புள்ளிகள். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன், இறுக ஒட்டியது. அந்த வகைச் சாவணங்களுக்கு வழமையாகப் பாவிப்பது 420 போன்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம். நன்றாகக் கடினமாகும், ஆனால் உப்புக்குத் தாங்காது. நேர் இடுக்கியில் காந்தம் ஒட்டவில்லை. அது 304 ரகம். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது. கடலோரத்துக்கு அதைவிட நல்லது மொலிப்டினம் சேர்த்த 316, அதற்கேற்ற விலையும் இருக்கும். கடையில் ரகம் எழுதியிருக்காவிட்டால் ஒரு சின்னக் காந்தத்தைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள். 304கூட வளைத்த இடத்தில் இலேசாக ஒட்டலாம். இறுக ஒட்டினால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, கிருமி போகட்டும் என்று ப்ளீச்சில் ஊறப்போடுவது நல்ல இரும்பையும் புள்ளி விழ வைக்கும். சவர்க்காரமும் சுடுதண்ணியும் போட்டு, பள்ளக்கோடுகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துவாயால் ஈரம் துடைத்தாலே போதும். மூங்கில் இங்கே வாடைக்காலத்துக்கு நிற்கவில்லை. பூஞ்சணம் பிடித்து எறிந்தாயிற்று.

மீனுக்கு வருவோம். ஒஸ்கார் தென்னமெரிக்காவின் அமேசன் பக்கத்து மீன். ஒரு அடிவரை வளரும், தண்ணீருக்கு மேலே துள்ளி விரலைக் கவ்வும். பாம்பு போல அது சுற்றிப் பிடிப்பதில்லை, கவ்வி இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே நேர் இடுக்கியின் மொட்டை முனை இதற்கும் பொருந்துகிறது. ரப்பர் உறை மட்டும் வேண்டவே வேண்டாம், இரண்டு நாளில் சப்பிப் பிய்த்துவிடும். சாப்பிடாமல் விட்ட றால் துண்டைத் தண்ணீர் கலங்கமுன் எடுப்பதற்கும் அதே இடுக்கிதான். கண்ணாடித் தொட்டியில் பயமில்லை. அக்ரிலிக் தொட்டி வைத்திருப்பவர்கள் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மீன்களின் பின்னேரத் தீனி மருமகனின் பொறுப்பு. ஒன்று மட்டும் வாங்குவதென்றால் எது என்று கேட்டான். 30 சென்ரிமீற்றர், 304 ரகம், மொட்டை முனை, பூட்டில்லாதது. துருப்பிடித்த சாவணத்தை எறியவில்லை. பட்டறையில் கொடுத்துப் பூட்டுப் பல்லை உராய்ந்து எடுத்துவிட்டேன். தொட்டி மணலுக்குள் செடி நடுவதற்கு அதைப்போல ஒன்று இல்லை.