லைவ் சாண்ட் போட்ட கடல்நீர்த் தொட்டி: 14 மாத அனுபவம்

தண்டையார்பேட்டையில் முதல் மாடி வீடு. 3 அடித் தொட்டி, மணல், பாறை போக சுமார் 150 லிட்டர் பிடிக்கும். ஓட ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. லைவ் சாண்ட் (பாக்டீரியா உயிரோடு இருப்பதாகச் சொல்லிப் பையில் விற்கும் மணல்) போட்டால் சைக்கிள் ஆக, அதாவது மீன் கழிவில் வரும் நச்சு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பெருக, எத்தனை நாள், அந்த விலை கொடுக்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கொளத்தூரில் நாலைந்து கடை ஏறி இறங்கி 9 கிலோ பை ஒன்று வாங்கினேன், கூடவே 14 கிலோ உலர்ந்த அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல். கடைக்காரர் "இத போட்டா அன்னிக்கே மீன் விடலாம்ணா" என்றார். நான் விடவில்லை, நல்லவேளை. அந்தப் பை எத்தனை மாதம் குடோன் வெயிலில் வெந்து கிடந்ததோ, உள்ளே இருக்கும் பாக்டீரியாவில் எவ்வளவு உயிரோடு இருக்கிறதோ, அதைப் பையில் அச்சடித்த எழுத்து சொல்லாது. டெஸ்ட் கிட்தான் சொல்லும்.

கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மணலை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். காசிமேட்டுக் கரையில் படகு டீசலும் சாக்கடையும் கலக்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்ததை மறக்க முடியுமா? பாறையும் உலர்ந்த பாறைதான் வைத்தேன். மன்னார் வளைகுடாப் பவளப்பாறை என்று யாராவது காட்டினால் தயவுசெய்து தொடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சபட்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன.

சரி, சைக்கிள் விஷயம். லைவ் சாண்டைக் கழுவக் கூடாது, அப்படியே கொட்ட வேண்டும். மேலே ஒரு தட்டை வைத்து, உப்பு கரைத்த தண்ணீரை (அடர்த்தி 1.025) மெதுவாக ஊற்றியும் ரெண்டு நாள் பால் மாதிரி கலங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் அம்மோனியா பூஜ்யம். நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். பூஜ்யம் என்றால் சைக்கிள் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு மீனை விட்டுவிடுகிறார்கள், ஆனால் பாக்டீரியாவுக்குத் தின்ன ஒன்றுமே போடாதபோது கிட் வேறு எதைக் காட்டும்? அழுகி அம்மோனியா வரட்டும் என்று ரெண்டு செத்த இறாலை வலைத்துணியில் கட்டித் தொங்கவிட்டேன். ஏழாம் நாள் அம்மோனியா 2 பி.பி.எம்., வீடு முழுக்க நாற்றம். அம்மா "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடா இவ்ளோ கரண்ட்டு" என்று தினமும் கேட்டார். இறாலை எடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் அம்மோனியா 0.25-க்கு இறங்கியது, நைட்ரைட் கிட் அடர் ஊதாவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வாரம், பத்து நாள், அசையவில்லை. அந்த நாட்கள்தான் கஷ்டம், எதையாவது ஊற்றலாமா என்று கை துறுதுறுக்கும். ஒன்றும் செய்யவில்லை. 26-ஆம் நாள் நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 40. அப்போதும் நம்பாமல் அம்மோனியம் குளோரைடு போட்டு மறுபடி 2-க்கு ஏற்றினேன். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம். அதன்பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பண்ணையில் வளர்த்த கிளவுன் மீன் ஒரு ஜோடி விட்டேன். இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன.

நான் செய்த தப்பு தண்ணீரில். சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 60 இருந்ததையே ஊற்றினேன். அதில் சிலிகேட் இருந்திருக்க வேண்டும், ஐந்தாம் வாரம் மணல் முழுக்க காப்பித்தூள் தூவியது போல டயாட்டம் (சிலிகேட்டை வைத்து வளரும் பழுப்புப் பாசி) படர்ந்தது. புதுத் தொட்டியில் அது வருவது சகஜம்தான், ஆனால் எனக்கு ரெண்டு மாதம் போகவில்லை. கரைந்த மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ஃபில்டர் சேர்த்து டி.டி.எஸ். பூஜ்யமான பிறகு, நத்தைகளின் உதவியோடு அடங்கியது.

மே மாதம் தண்ணீர் 31 டிகிரி போனது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லை, மேற்பரப்பில் காற்று படும்படி ரெண்டு ஃபேன் வைத்ததில் 28-க்கு வந்தது. ஆனால் தினம் மூன்று நாலு லிட்டர் ஆவியாகும், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும், அதனால் நிரப்புவது உப்பு கலக்காத நல்ல தண்ணீராகவே இருக்க வேண்டும். கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். மீனைப் போலவே மணலில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும்.

ஏழாம் மாதம் பின் கண்ணாடியில் ஊதாப் புள்ளிகள் வந்தன, நத்தை ஓட்டில் ஒட்டி வந்த கோரலைன் பாசி (கல் போல இறுகிப் படரும் கடல்பாசி). அன்று ராத்திரி வெகு நேரம் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி ஆரம்பித்தால் பை வாங்குவேனா? ஒன்று போதும், முழுத் தொட்டிக்கும் வாங்க மாட்டேன். அதைவிட நல்லது, ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் மணல். போன மாதம் பெரம்பூரில் என் சித்தி மகன் தொட்டி வைத்தபோது, என் தொட்டியின் மேல்மணலில் நாலு கப் அள்ளி, ஈரம் காயாமல் டப்பாவில் போட்டு பைக்கிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனுக்கு 9 நாளில் நைட்ரைட் பூஜ்யம் ஆகிவிட்டது.