ஸ்டிக்கரை நம்பி ஸ்விட்ச் வாங்காதீர்கள்

செகண்ட் ஹேண்டில் ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச் (கையில் பிடித்து விளையாடும் கேம் மெஷின்) வாங்கி, மாட் செய்து, அதாவது கம்பெனி அனுமதிக்காத புரோகிராம்களும் ஓடும்படி மாற்றிப் பழகலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கியது 16,000 ரூபாய்க்கு. எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தால் 24,550. கையில் மிச்சம் இருப்பது மாட் ஆகாத ஒரு சாதாரண ஸ்விட்ச்.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். சால்டரிங் அயர்னைக் கடைசியாகப் பிடித்தது பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில். ஆசையும் பெரிய ஆசை இல்லை. ஆர்வலர்கள் எழுதி இலவசமாக விடுகிற ஹோம்ப்ரூ புரோகிராம்களை ஓட்டிப் பார்க்க வேண்டும், காசு கொடுத்து வாங்கிய கேம்களில் எதுவரை விளையாடினோம் என்று பதிந்திருக்கும் சேவ் ஃபைலைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தோதான மெஷின் முதல் ஸ்விட்ச்தான் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தது தப்பில்லை. பாதியோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

விஷயம் இதுதான். 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்சில் இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற சின்ன புரோகிராம் அந்தச் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அதை மாற்ற வழியில்லை. யுஎஸ்பி வழியாக வரும் தகவலின் நீளத்தை அந்தப் புரோகிராம் சரியாகப் பார்ப்பதில்லை. அந்த ஓட்டை வழியாக நம் புரோகிராமை உள்ளே நுழைத்து ஓட்டிவிடலாம், மாட் செய்வதும் அப்படித்தான். கேட் டெம்கின் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2018 ஏப்ரலில் இந்த ஓட்டையை ‘ஃப்யூஸே ஜெலே’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். அப்டேட் அனுப்பி அடைக்க முடியாத ஓட்டை என்பதால், 2018 நடுவிலிருந்து புதிதாகச் செய்த மெஷின்களில் நிண்டெண்டோ தொழிற்சாலையிலேயே அடைத்து அனுப்ப ஆரம்பித்தது. ஓட்டை அடைக்காத பழையது அன்பேட்ச்ட், அடைத்த புதியது பேட்ச்ட். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சீரியல் எண்ணை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். எக்ஸ்ஏடபிள்யூ1 என்று தொடங்கும் மெஷினில் அடுத்த நான்கு இலக்கம் 0074-க்குள் இருந்தால் அன்பேட்ச்ட். 0120-ஐத் தாண்டினால் பேட்ச்ட். நடுவில் இருப்பவை எப்படியும் இருக்கலாம்.

‘அன்பேட்ச்ட்’ என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே விளம்பரங்களில் இரண்டு மூவாயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள். நிண்டெண்டோ நம் ஊரில் ஸ்விட்சை நேரடியாக விற்காததால், கைக்கு வருவதெல்லாம் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். பில் இருக்காது, போய்க் கேட்க சர்வீஸ் சென்டரும் இருக்காது. ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்குக் கிடைத்த விளம்பரத்தில் நான்கு படங்கள். அதில் ஒன்று சீரியல் ஸ்டிக்கரை மட்டும் கிட்டத்தில் எடுத்தது. சிவப்புக் கட்டம் போட்ட மேசை விரிப்பின் மேல் மெஷின் கவிழ்ந்து கிடக்க, ஸ்டிக்கரில் 0068 தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே மனசுக்குள் வாங்கிவிட்டேன்.

விளம்பரம் போட்டவனைத் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே சந்தித்தேன். என் வயதுதான் இருக்கும், நன்றாகப் பேசினான். “ப்ரோ, இதுல நானே மாட் போட்டு ஒரு வருஷம் விளையாடினேன். இப்போ ரீசெட் பண்ணிட்டேன், நீங்க ஃப்ரெஷ்ஷா ஆரம்பிக்கலாம்” என்றான். ஆன் செய்து ஒரு கார் ரேஸ் கேமை ஓட்டிக் காட்டினான். ஒரு நிமிஷம்கூட இருக்காது, சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. தன் தம்பி வழியெல்லாம் விளையாடிக்கொண்டே வந்ததாகச் சொன்னான். நான் கவிழ்த்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். படத்தில் பார்த்த அதே 0068. ஜிபேயில் 16,000 அனுப்பினேன். ‘ஃப்ரீயா வெச்சுக்கோங்க’ என்று 256 ஜிபி மெமரி கார்டு ஒன்றும் கொடுத்தான். இவ்வளவு நல்லவனா என்று நினைத்தபடி மின்சார ரயிலில் ஏறினேன்.

பையில் ஒரு பவர் பேங்க் இருந்தது. அதில் சொருகியிருந்தால் பத்து நிமிஷத்தில் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். இன்றுவரை அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். வலப்பக்க ஜாய்கானை (பக்கவாட்டில் மாட்டும் கன்ட்ரோலர்) கழற்றி, அந்தத் தடத்தில் ஜிக் என்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டைச் சொருக வேண்டும் (250 ரூபாய், உள்ளே இருப்பது ஒரு துண்டுக் கம்பி). அது தடத்தில் இருக்கும் உலோகப் பின்களில் பத்தாவதைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும். வால்யூம் அப்பைப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்தினால் ரெகவரி மோடுக்குள் போகும். போனால் திரையில் ஒன்றுமே வராது. முழுக் கறுப்பு. முதல் தடவை செய்கிறவனுக்கு மெஷின் செத்துவிட்டதா, சரியாகத்தான் போகிறதா என்று ஒரு குறிப்பும் கிடைக்காது. எனக்குக் கை வியர்த்துவிட்டது. யுஎஸ்பியில் இணைத்ததும் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

பேலோடை, அதாவது ஓட்டை வழியாக உள்ளே நுழைக்கும் குட்டிப் புரோகிராமை அனுப்பினேன். ஓட்டை திறந்திருந்தால், அதை அனுப்பும் கம்ப்யூட்டர் புரோகிராம் கடைசியில் காட்டும் எண் 7000 என்று முடியும். எனக்கு வந்தது 0000. வேறு கேபிள், வேறு போர்ட், பக்கத்து வீட்டு லேப்டாப் என்று இரண்டு மணி வரை மல்லுக்கட்டினேன். எதில் செய்தாலும் நான்கு பூஜ்யம். பேட்ச்ட் மெஷினும் ரெகவரி மோடுக்குள் போகும், கறுப்புத் திரையும் காட்டும். அனுப்புவதை மட்டும் விழுங்காது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. கேபிள்தான் சரியில்லை என்று கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் பவர் பட்டனைப் பதினைந்து விநாடி பிடித்து அணைத்து, வழக்கம்போல ஆன் செய்தேன். சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் போய், சிஸ்டம் என்ற பகுதியில் சீரியல் எண்ணைத் திறந்தேன். 0142. மெஷினைக் கவிழ்த்தால் 0068. நிமிர்த்தினால் 0142. இதையே மூன்று தடவை செய்தேன், ஏதாவது மாறிவிடுமோ என்று.

அப்புறம்தான் கண் திறந்தது. ஸ்விட்சின் முதுகில் நான்கு மூலையிலும் மூன்று கோடு போட்ட ஒய் வடிவத் தலை ஸ்க்ரூ இருக்க வேண்டும். என்னுடையதில் நான்குமே கூட்டல் குறி ஸ்க்ரூ. பின்மூடியை நகத்தால் தேய்த்தால் முன்பக்க ஃபிரேமைவிடக் கொஞ்சம் வழுவழுப்பு. மூடியே மாற்றியது. ஸ்டிக்கரை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தைச் சீண்டினால் பேப்பர் மாதிரி சுருண்டுகொண்டு வந்தது. மெமரி கார்டையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கார்டு சோதிக்கும் புரோகிராம் போட்டுச் சோதித்தேன். 29 ஜிபிக்கு மேல் எழுதியது எதுவும் திரும்ப வரவில்லை.

விற்றவனுக்குப் போன் செய்தேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன், அவன் கத்தவில்லை. “அய்யோ ப்ரோ, என்கிட்ட வித்தவன் என்னை ஏமாத்திட்டான் போல. பரவாயில்ல, பேட்ச்ட்னா சிப் போட்டா வேலை முடிஞ்சது. எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, உங்களுக்காக 5,500க்குப் போட்டுத் தரச் சொல்றேன்” என்றான். ஒரு வருஷம் மாட் போட்டு விளையாடியதாகச் சொன்னவன் இவன்தான். அதைக்கூடக் கேட்கத் தோன்றாமல் சரி என்றேன். ஏற்கெனவே 16,000 போட்டாயிற்று, இன்னொரு 5,500 போட்டால் நினைத்தது நடந்துவிடும் என்ற சூதாட்டக்காரன் புத்தி வந்துவிட்டது.

சிப் போடுவது பொய் இல்லை. ஆர்பி2040 என்ற மலிவான சிப் உள்ள ஒரு குட்டிப் போர்டை உள்ளே வைத்து, பிராசசரை ஒட்டி இருக்கும் கெபாசிட்டர்களுக்குக் கம்பி இழுத்து, மெஷின் ஆன் ஆகும் நொடியில் அதைத் தடுமாற வைப்பார்கள். அந்தக் கெபாசிட்டர் கடுகைவிடச் சின்னது. மைக்ராஸ்கோப் இல்லாமல் அந்த இடத்தில் கை வைக்கவே கூடாது. அவன் அனுப்பிய மாடிக்கடையில் இருந்தது, மேசையில் கவ்விய ஒரு பூதக்கண்ணாடி விளக்கு. முன்பணமாக முழுத் தொகையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் என்றது பதினொரு நாள் ஆனது. திரும்பி வந்த மெஷின் ஆன் ஆகவில்லை. “போர்டு வீக் சார், நாங்க முன்னாடியே சொன்னோமே” என்றார்கள். யாரும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த சீட்டும் இல்லை.

கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வேலை பார்க்கும் ஒருவரிடம் எடுத்துப் போனேன். மூடியைத் திறந்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, இங்க வந்து நீங்களே பாருங்க” என்று நாற்காலியை விட்டு எழுந்தார். வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களில் ஒன்று இருந்த இடம் பல் விழுந்த மாதிரி காலி. பக்கத்தில் கருகிய ஃபிளக்ஸ் (சால்டரிங்குக்குப் பூசும் பசை). பிராசசருக்கும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து எடுத்தவர்கள் திரும்பப் பூசவே இல்லை. “இது ஆன் ஆகாததே நல்லதுன்னு நினைச்சுக்கோங்க” என்றார். சிப்பைக் கழற்றி, கெபாசிட்டர் போட்டு, பேஸ்ட் பூசி, பழைய நிலைக்குக் கொண்டுவர 2,800 வாங்கினார். கொடுத்ததிலேயே மனசு வலிக்காமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

அதனால், வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பவர் பேங்க் எடுத்துக்கொண்டு போங்கள். செட்டிங்ஸில் இருக்கும் சீரியலை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லி ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். ஒரிஜினல் பெட்டி இருந்தால் அதிலும் அதே எண் அச்சாகியிருக்கும். செட்டிங்ஸில் வெறும் பூஜ்யங்களாக வந்தால், மாட் செய்த யாரோ அடையாளத்தை அழித்து வைத்திருக்கிறார்கள். அந்த மெஷினின் நேண்ட் பேக்கப்பை, அதாவது அதன் உள் மெமரியின் பழைய நகலைக் கேளுங்கள், இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான இஷாப்பையும் திறந்து பாருங்கள். 2124-4007 என்ற எர்ரர் வந்தால் நிண்டெண்டோ அந்த மெஷினைத் தடை செய்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஒன்றில் மட்டும் நான் தப்பித்தேன். கேம் நிரப்பிய கார்டு இலவசம் என்றால் கையை நீட்டாதீர்கள். உள்ளே இருப்பது திருட்டுச் சரக்கு, கார்டும் போலி.

இப்போது அத்தை பையனின் பழைய பிஎஸ்பியை (சோனியின் கையடக்க கேம் மெஷின்) வாங்கி வைத்துப் பழகுகிறேன். அதற்கு ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம், எல்லாம் சாஃப்ட்வேரில் முடிகிறது. முதலில் இதைச் செய்திருக்க வேண்டும்.

போன வாரம் சும்மா விளம்பரங்களைப் புரட்டியபோது ஒரு ‘அன்பேட்ச்ட்’ ஸ்விட்ச் கண்ணில் பட்டது. வேறு பெயர், வேறு ஏரியா, விலை 15,500. நான்காவது படத்தில் சிவப்புக் கட்டம் போட்ட மேசை விரிப்பு, கவிழ்ந்து கிடக்கும் மெஷின், 0068. அந்த ஸ்டிக்கரை உரித்து என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.