பறக்கும் பறவைக்கு எந்த லென்ஸ்? எடை குறைந்த டெலிஃபோட்டோக்கள்

ஸ்டாண்ட் இல்லாமல் கையிலேயே பிடித்துப் பறவையைத் துரத்திப் படமெடுக்க, லென்ஸ் ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் நல்லது. அந்த எடைக்குள் வர ஒவ்வொரு லென்ஸும் எதையாவது விட்டுக்கொடுத்திருக்கும்.

கேனான் ஆர்எஃப் 600 மி.மீ. எஃப் 11 வெறும் 930 கிராம். ஆனால் அபெர்ச்சர் (ஒளி புகும் துளை; எண் கூடக் கூட ஒளி குறையும்) 11-லேயே நிற்கும். சிறகடிப்பை உறைய வைக்க ஷட்டர் 1/2000 நொடியாவது வேண்டும். எஃப் 5.6 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600 போதுமான வெளிச்சத்தில் இதற்கு 6400 தேவை. விலங்குகள் அதிகம் நடமாடுவதோ விடியலிலும் அந்தியிலும்! போதாததற்கு, ஆர்5, ஆர்6 கேமராக்களில் இந்த லென்ஸோடு ஆட்டோஃபோகஸ் படச்சட்டத்தின் நடுப்பகுதியில்தான் இயங்கும்; பறவை ஓரத்துக்கு நழுவினால் ஃபோகஸும் போச்சு. உட்கார்ந்திருக்கும் பறவைக்குச் சரி.

அதே கேனானின் ஆர்எஃப் 100-500 மி.மீ., முக்காலியில் மாட்டும் காலர் இல்லாமல் 1365 கிராம். 200-இல் பறவையைப் பிடித்துக்கொண்டு 500-க்கு இழுக்கலாம் என்பதே இதன் பலம். இழுக்கும்போது குழாய் நீண்டு முன்பக்கம் கனக்கும். 500-இல் அபெர்ச்சர் 7.1தான். டெலிகன்வர்ட்டர் (எட்டும் தூரத்தைக் கூட்டும் இடைலென்ஸ்) மாட்டினால் 300-க்குக் கீழே ஜூம் இறங்காது, அதாவது பலமே பறிபோகும்.

சோனி 200-600 எடையில் தோற்கிறது: 2115 கிராம். ஆனால் ஜூம் உள்ளுக்குள்ளேயே நகர்வதால் பிடிமானச் சமநிலை மாறாது. எடையைத் தாங்க முடிந்தவர்களுக்கு நல்ல தேர்வு.

பறவைகளுக்கு என் ஓட்டு நிக்கான் இசட் 600 மி.மீ. எஃப் 6.3 பிஎஃப்-க்கு. காலரோடு 1470 கிராம். பிஎஃப் எனும், நுண்வளையங்கள் கொண்ட கண்ணாடியால் நீளமும் குறைவு, முன்பாரமும் குறைவு. கேமராவைச் சுழற்றிப் பின்தொடரும்போது கை தடுமாறாது. சட்டத்துக்குள் பலமான விளக்கோ சூரியனோ வந்தால் வண்ண வளையம் விழலாம். 600-இல் பார்வைக்கோணம் மிகக் குறுகல். பறவை வரும் தூரத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைக்காவிட்டால் மங்கலில் அதைத் தேடவே நேரம் போய்விடும். விஆர் எனும் அதிர்வுக் குறைப்பை ஸ்போர்ட் நிலையில் வையுங்கள். அது கை நடுக்கத்தைத்தான் தணிக்கும். ஓடும் விலங்கை நிறுத்துவது ஷட்டர் மட்டுமே.

அரையிருளில் பாலூட்டிகளை எடுப்பவர்களுக்கு இசட் 400 மி.மீ. எஃப் 4.5 மேல்: காலர் கழற்றினால் 1160 கிராம், 6.3-ஐவிட ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம், அதாவது இரு மடங்கு. 1.4 மடங்கு கன்வர்ட்டர் மாட்டினால் 560 மி.மீ. எஃப் 6.3 ஆகிவிடும்.