கோழி மாவு வாளியா, காணாமல் போகும் கண்டெய்னரா?

போதைக் கடத்தல் தொடர்களில் சரக்கை எதற்குள் ஒளிக்கிறார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படும். வந்து இறங்கியபின் தன் பொருள் எதில் இருக்கிறது என்று எடுப்பவனுக்கு எப்படித் தெரியும், அடுத்த வாரமும் அதே வண்டி ஓட என்ன செலவாகும் என்ற இரண்டையும் யோசித்த தொடர்கள் சொற்பம். இதில் என் ஓட்டு அமெரிக்கத் தொடரான 'பிரேக்கிங் பேட்' வாளிக்குத்தான்.

2010இல் வந்த அதன் 'காஃப்கயெஸ்க்' எபிசோட், லோஸ் போயோஸ் எர்மானோஸ் கோழிக்கடை விளம்பரமாகத் தொடங்கி, பொரிக்கும் மாவு வாளிகளுக்குள் சரக்குப் பைகள் இறங்கும் காட்சிக்கு வழுக்கிப் போகும். வாரம் 200 பவுண்டு, ஏறக்குறைய 90 கிலோ. சரக்குள்ள வாளியில் புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் குறி. மற்றபடி எல்லாம் ஒரே வாளி.

ஆனால் வாளியைவிட முக்கியம் பராமரிப்பு. கோழி நிஜமாகவே விற்கிறது. கிளைகளுக்கு மாவு போய்த்தான் ஆகவேண்டும், அதனால் லாரி வருவது யாருக்கும் செய்தியே இல்லை. மறைப்புக்கான செலவைச் சாப்பிட வருகிறவர்களே கட்டிவிடுகிறார்கள். முதலாளி கஸ் ஃப்ரிங் கடையில் நின்று மேசை துடைப்பார், போதைத் தடுப்புப் போலீஸ் நடத்தும் ஓட்டத்துக்கு நன்கொடையும் கொடுப்பார்.

ஓட்டை எங்கே? போலீஸின் கண்ணை மறைக்கிற அந்த ஒழுங்கே எதிரிக் கும்பலுக்கு வழிகாட்டி. வாளியைத் தேடி அலைய வேண்டாம், லாரியை மடக்கினால் போதும். நான்காம் சீசனில் முதலில் குளிர்பதன லாரியைச் சுட்டுத் துளைக்கிறார்கள். பிறகு, காவலர்கள் உள்ளே இருக்கும்போதே புகைக்குழாயை லாரிக்குள் திருப்பிவிடுகிறார்கள்.

'தி வயர்' இரண்டாம் சீசன் (2003) நேர் எதிர். பால்டிமோர் துறைமுகத்தில் சரக்குக்கு வேஷமே கிடையாது, வேஷம் கணக்குக்கு. கப்பலிலிருந்து இறங்கிய கண்டெய்னரைக் கணினியில் ஏற்றாமல் விட்டால், அது இறங்கவே இல்லை. கடையும் வேண்டாம், கோழியும் வேண்டாம். ஆனால் பராமரிக்க வேண்டியது மனிதர்களின் வாயை. தொழிற்சங்கப் பொருளாளர் ஃபிராங்க் சோபோட்கா அந்தப் பணத்தைக் கால்வாய் தூர்வாரவும் தானியக் கப்பல்துறையை மீட்கவும் அரசியல்வாதிகளிடம் இறைக்கிறார். காற்றுக்குழாய் நசுங்கி ஒரு கண்டெய்னருக்குள் கடத்திவரப்பட்ட 13 பெண்கள் இறந்துகிடந்ததும் எல்லாம் குலைகிறது. அதற்குப்பின் போலீஸ் துறைமுகக் கணினியின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. கூட்டத்தில் கலந்த வாளி தடம் விடாது. பதிவாகாத கண்டெய்னரோ பட்டியலில் ஒரு பள்ளத்தை விட்டுப் போகிறது, தேடத் தெரிந்தவனுக்கு அந்தப் பள்ளமே சாட்சி. நாடகமாக 'தி வயர்' கனமானது, மறுக்கவில்லை. மறைப்பாகப் பார்த்தால் பலவீனம்.

'ஸீரோஸீரோஸீரோ' (2020) மெக்சிகோவின் மான்டெரேயிலிருந்து இத்தாலியின் ஜோயா தாவ்ரோ வரை ஹலபீனோ மிளகாய் டப்பாக்களில் கொக்கெய்னை அனுப்புகிறது. டப்பா நல்ல யோசனைதான். ஆனால் மொத்தமும் ஒரே பயணத்தில். கப்பல் வழிமாறி செனகலின் டாக்கருக்குப் போனதும் மறைப்பு போய்த் துரத்தல்தான் மிஞ்சுகிறது. எட்டே எபிசோட் கொண்ட கதையிடம் வாராந்தரப் பராமரிப்பைக் கேட்பது கொஞ்சம் அநியாயமாகவும் இருக்கலாம்.

ஒரு மணி நேரம்கூட இல்லையென்றால், 'காஃப்கயெஸ்க்' தொடக்கத்தையும் நான்காம் சீசன் 'கார்னர்ட்' எபிசோடின் தொடக்கத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதே மாவு, அதே வாளி, அதே லாரி.