வெட்சூட் வாங்கப் போறீங்களா, தடிமன் அப்புறம், சீல் முதல்ல

காரைக்குடியில உக்காந்துக்கிட்டு வெட்சூட் ரிவ்யூ எழுதுறியானு கேப்பாங்க, பரவாயில்ல. பாண்டிச்சேரிக்கும் அந்தமானுக்கும் டைவிங் போயிட்டு வர்றவங்க நம்ம ஊர்ப் பக்கமும் இருக்காங்க, அவங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒண்ணு தான். கடல் தண்ணி 28 டிகிரி இருக்கு, இந்த வெயில்ல வளந்த நமக்கு எதுக்கு அந்த ரப்பர் சட்டை?

நம்ம உடம்பு 37 டிகிரி, தண்ணி 28, அந்த வித்தியாசம் போதும், ஏன்னா தண்ணி காத்தை விட கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா உடம்பு சூட்டை இழுத்துரும். சித்திரை மாசம் ஆத்தங்குடி கல்லுல படுத்தா முதுகு ஜில்லுனு இருக்கும், அதே ரூம்ல மரக்கட்டில்ல படுத்தா இருக்காது, ரெண்டும் ஒரே சூட்டுல தான் இருக்கு ஆனா கல்லு சூட்டை சீக்கிரம் வாங்கிக்கும், தண்ணியும் அதே வேலை தான் பண்ணுது. முதல் டைவ்ல அவ்வளவா தெரியாது. மேல வந்து ஈரத்தோட போட்ல காத்து வாங்கிட்டு ரெண்டாவது டைவ் எறங்கி அரை மணி நேரம் ஆகுறப்ப தான் விரல் மரத்துப் போகும், தாடை நடுங்கும், டேங்க்ல காத்து சீக்கிரம் தீரும். இதை வெறும் சொகுசு விஷயம்னு விட்றாதீங்க, குளுருல கை காலுக்கு ரத்த ஓட்டம் கம்மியாகும், மேல ஏறுறப்ப உடம்புல சேர்ந்த நைட்ரஜன் வெளிய போறது மெதுவாயிரும், அது உடம்புக்குள்ளயே குமிழியா மாறி வர்ற டிகம்ப்ரெஷன் சிக்னஸ்ங்கற நோய்க்கு வாய்ப்பு கூடும்.

நான் வாங்குனது 5 எம்எம் தடிமன்ல கை கால் முழுசா மூடுற ஃபுல் சூட், பொம்பளைங்க கட், பின்பக்க ஜிப். அம்மான் மக சிங்கப்பூர்ல இருக்கா, அவளைப் பாக்கப் போனப்ப அங்க ஒரு டைவ் கடையில போட்டுப் பாத்து வாங்குனேன், 300 சிங்கப்பூர் டாலர் கிட்ட ஆச்சு. பிராண்ட் பேரை வேணும்னு தான் சொல்லல, இந்த மாடல் அடுத்த வருஷம் வேற மாதிரி வரும், அதுல என்னென்ன பாக்கணுங்கறது மாறாது.

அதுக்கு முன்னாடி எல்லாம் வாடகை சூட் தான். ஒரு இடத்துல 5 எம்எம்னு சொல்லிக் குடுத்தாங்க, எறங்கி ஃபின்ஸ், அதாவது கால்ல மாட்டுற துடுப்பு, அடிக்கிறப்ப எல்லாம் கழுத்து வழியா ஜில்லுனு ஒரு தண்ணி எறங்கி முதுகுல ஓடி கால் வழியா போகும், அடுத்த அடிக்கு மறுபடி புதுத் தண்ணி. தண்ணி இப்படி உள்ள வந்து வெளிய போயிக்கிட்டே இருந்தா அது 5 எம்எம்மா இருந்தா என்ன 7 எம்எம்மா இருந்தா என்ன? ஒட்டிப் புடிச்ச 3 எம்எம் சூட்டே அதை விட கதகதப்பா இருக்கும், நான் ரெண்டும் போட்டுப் பாத்துட்டுத் தான் சொல்றேன்.

வெட்சூட் எப்படி வேலை செய்யுதுனு பல பேர் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. உள்ள போற தண்ணி சூடாகி அது தான் நம்மளை காப்பாத்துதுனு சொல்லுவாங்க. 1950கள் ஆரம்பத்துல கலிஃபோர்னியாவுல ஹ்யூ ப்ராட்னர்னு ஒரு இயற்பியல் விஞ்ஞானி தான் வெட்சூட்டை யோசிச்சார், குளுரைத் தடுக்குறது துணிக்குள்ள அடைபட்ட குட்டிக் குட்டி வாயுக் குமிழி, அது இருந்தா தோல் நனைஞ்சாலும் பரவாயில்லனு. வெட்சூட் செய்யுற நியோப்ரீன்ங்கற ரப்பர் நுரைக்குள்ள இருக்குறது அந்தக் குமிழி தான். உள்ள இருக்குற மெல்லிசு தண்ணி அசையாம அப்படியே நிக்கணும், அவ்வளவு தான் அதோட வேலை. அதை நிறுத்தி வைக்கிறது சீல், அதாவது கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் மாதிரி இடத்துல தண்ணி உள்ள வராம அடைக்கிற அமைப்பு.

இந்த சூட்ல எனக்கு ரொம்பப் புடிச்சது கழுத்து. உள்பக்கம் துணி ஒட்டாத வழுவழுப்பான நியோப்ரீன், தோல்ல நேரா ஒட்டிக்கும். துணி ஒட்டுன காலர்ல தண்ணி நூல் வழியா கசிஞ்சு போகும், இதுல அந்தப் பேச்சே இல்ல. மணிக்கட்டுலயும் கணுக்கால்லயும் அதே மாதிரி ஒரு பட்டை இருக்கு. ஜிப்புக்கு உள்பக்கம் முதுகை மூடுற மாதிரி ஒரு ஃப்ளாப் வச்சிருக்காங்க, இது இல்லாத பின்ஜிப் சூட்டை தயவுசெஞ்சு வாங்காதீங்க, ஜிப் பல்லு பூரா தண்ணிக்கு வழி தான். அப்புறம் தையல். கடையில சூட்டை உள்பக்கம் திருப்பி தையல் கிட்ட ரெண்டு கையாலயும் இழுத்துப் பாருங்க. ஃப்ளாட்லாக் தையல்னா ஊசி ரெண்டு பக்கமும் துளைச்சிருக்கும், அத்தனை ஓட்டையும் தண்ணி வர்ற வழி. முதல்ல ஒட்டிட்டு அப்புறம் முழுசா துளைக்காம தைக்கிறது பிளைண்ட் ஸ்டிச், என்னோடது அது, உள்பக்கம் முக்கியமான இடத்துல டேப்பும் ஒட்டியிருக்கு.

ஆனா எவ்வளவு நல்ல சீல் இருந்தாலும் உடம்புக்கு சரியா ஒக்காரலைனா வீண் தான். வாடகைக்கு வச்சிருக்குற சூட் பெரும்பாலும் ஆம்பளைங்க கட், நம்மளுக்கு இடுப்புக்கு மேல முதுகு பக்கம் ஒரு குழி நிக்கும், அங்க தண்ணி தேங்கி அசையுறப்ப எல்லாம் பம்ப் அடிக்கிற மாதிரி தள்ளிக்கிட்டே இருக்கும். பொம்பளைங்க கட்னு எழுதியிருந்தாலும் நம்பிராதீங்க, போட்டுட்டு கையை மேல தூக்குங்க, உக்காந்து எந்திரிங்க, மூச்சை நல்லா இழுங்க. அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னாடி, நடு முதுகு, இந்த நாலு இடத்துலயும் கையில புடிச்சு இழுக்குற அளவுக்கு லூசு இருக்கக் கூடாது. கழுத்து மட்டும் ரொம்ப இறுக்கமா வேண்டாம், கழுத்து ரத்தக் குழாயை அமுக்குனா தலை சுத்தும், மயக்கமே வரலாம். ரெண்டு விரல் கஷ்டப்பட்டு போற அளவு இருந்தா சரி. ஆன்லைன்ல சைஸ் சார்ட் பாத்து ஆர்டர் போடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அந்த அளவு எல்லாம் நம்ம உடம்பு வாகுக்கு போட்டது கிடையாது.

இன்னொரு விஷயம், தண்ணிக்குள்ள போகப் போக 5 எம்எம் 5 எம்எம்மா இருக்காது. 10 மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, குமிழி பாதி ஆயிரும், 30 மீட்டர்ல நாலுல ஒரு பங்கு. ஆழத்துல தண்ணியும் குளுந்திருக்கும், சூட்டும் மெலிசாயிரும், அங்க மிச்சம் இருக்குற பாதுகாப்பு நல்ல சீல் தான். மேல வர்றப்ப குமிழி மறுபடி ஊதும், மிதப்பு கூடும், அதனால புது சூட்டோட மிதக்காம கீழ போக இடுப்புல எடை எவ்வளவு கட்டணும்னு முதல் டைவ்லயே இன்ஸ்ட்ரக்டர் கூட செக் பண்ணிருங்க. 3 எம்எம்ல இருந்து மாறுனா கூடுதல் எடை கண்டிப்பா வேணும்.

குறைனு சொன்னா போடுறது பெரிய பாடு. வழுவழுப்பு சீல்ல நகம் பட்டா கிழிஞ்சிரும், விரல் நுனிச் சதையால தான் இழுக்கணும், காலுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கிட்டு விட்டா ஈசியா போகும். பின்ஜிப்பை கயிறு புடிச்சு தனியா இழுத்துரலாம், ஆனா ஃப்ளாப் மடங்காம ஒழுங்கா படிஞ்சிருக்கானு கூட வர்றவங்க ஒருத்தர் பாக்கணும், இல்லைனா அத்தனை சீலும் போச்சு. போட்ல வெயில்ல முழுசா மாட்டிக்கிட்டு உக்காராதீங்க, நம்ம ஊர் வெயில்ல உடம்பு கொதிச்சிரும், இடுப்பு வரைக்கும் போட்டு வச்சுட்டு எறங்குறதுக்கு முன்னாடி கையை விடுங்க. மே மாசம் அந்தமானுக்கு 5 எம்எம் அதிகம், 3 எம்எம் போதும். மார்கழி, தை மாசம் நம்ம பக்கத்துக் கடல்ல 5 எம்எம் போட்டுட்டு ரெண்டாவது டைவ் முடிச்சும் நான் நடுங்காம வந்தேன். 18 டிகிரிக்கு கீழ இருக்குற ஊர்க் கடலுக்குப் போறவங்களுக்கு இது பத்தாது, தண்ணி ரொம்பக் கம்மியா புகுற 7 எம்எம் செமி டிரையோ, தண்ணியே புகாத டிரைசூட்டோ பாருங்க, தலையை மூடுற ஹூட்டும் சேத்து.

வந்த உடனே நல்ல தண்ணியில ஊறப் போட்டு உப்பு போக அலசணும், ஜிப்புக்கு மெழுகு தடவணும். வெயில்ல மட்டும் காயப் போடாதீங்க, நியோப்ரீன் வெடிச்சிரும். எங்க வீட்டுல வளவுத் தாழ்வாரத்துல நிழல்ல தொங்கும், காத்து நல்லா வரும், உள்பக்கம் ஒரு நாள் வெளிப்பக்கம் ஒரு நாள். தோள் அகலமான ஹேங்கர் வேணும், மடிச்சு பீரோவுல வச்சா மடிப்பு விழுந்து அந்த இடம் மெலிஞ்சிரும், அப்புறம் குளுரும் அந்த வழியா தான் வரும்.

வருஷத்துல ரெண்டு மூணு தடவையாவது டைவ் போறவங்களுக்கு இந்த மாதிரி சீல் இருக்குற சூட்டுக்கு இந்தக் காசு தாராளமா குடுக்கலாம். எப்பவாச்சும் ஒரு தடவை போறவங்க வாடகைக்கே எடுங்க, ஆனா முதல்ல நீட்டுறதை வாங்கிக்காம நாலு சூட் போட்டுப் பாத்து கழுத்தும் நடு முதுகும் ஒட்டுறதைக் கேட்டு வாங்குங்க, தடிமன் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல.