12 வோல்ட்டா, 24-ஆ, 48-ஆ? பேனலுக்கு சீரிஸா, பேரலலா?

கரன்ட் கம்பி வராத இடத்தில் சோலார் போடுகிறவர்கள் பலரும் முதலில் பேனலை வாங்கிவிடுகிறார்கள். பேட்டரி வோல்டேஜ் பற்றிய யோசனை அப்புறம்தான் வருகிறது. நான் அதைத்தான் முதலில் முடிவு செய்யச் சொல்வேன்.

2,000 வாட் லோடுக்கு இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் சுமார் 167 ஆம்பியர் இழுக்கும். 24-ல் 83, 48-ல் 42. ஒரே வயரில் ஆம்பியர் பாதியானால் சூடாகி வீணாவது கால்வாசிதான். 167 ஆம்பியர் ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு லக் (வயரின் நுனியில் மாட்டும் உலோக வளையம்) லேசாகத் தளர்ந்திருந்தால் போதும். அந்த இடத்தில் மட்டும் வயரின் உறை நிறம் மாறி இளகியிருக்கும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து சார்ஜைக் கவனிக்கும் கன்ட்ரோலர் கணக்கும் இப்படித்தான். 50 ஆம்பியர் கன்ட்ரோலர் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 650 வாட் பேனலைத் தாங்கும்; 24-ல் 1,300, 48-ல் 2,600.

நாலு விளக்கு, ஒரு ஃபேன், போன் சார்ஜ் என்றால் 12 தாராளம். ஃபிரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்தால் 24. 3,000 வாட்டைத் தாண்டினால் யோசிக்காமல் 48.

இனி பேனல். 34 வோல்ட், 9.7 ஆம்பியரில் வேலை செய்யும் 330 வாட் பேனல் நான்கு இருப்பதாக வைப்போம். லோடு இல்லாதபோது ஒவ்வொன்றும் 41 வோல்ட் காட்டும். நான்கையும் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் 34 வோல்ட், 39 ஆம்பியர். 24 வோல்ட் பேட்டரிக்கு இது போதும் என்று தோன்றும். உச்சி வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடாகும்போது அந்த 34, 29 பக்கம் இறங்கிவிடும். லெட் ஆசிட் பேட்டரி முழுதாக சார்ஜ் ஆக 28.8 வோல்ட் வேண்டும், வயரில் கொஞ்சம் இழந்தால் கதை முடிந்தது.

நான்கும் சீரிஸ் (ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸில்) என்றால் 164 வோல்ட் வரை ஏறும். 150 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் கன்ட்ரோலர் எரிந்துபோகும். குளிரில் இன்னும் கூடும், 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம்.

அதனால் என் ஓட்டு இரண்டிரண்டாக சீரிஸ், அந்த இரண்டு வரிசையும் பேரலல். 68 வோல்ட், 19 ஆம்பியர். குளிர்காலையிலும் 90-ஐத் தொடாது, 100 வோல்ட் தாங்கும் எம்பிபிடி (பேனலின் கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் கன்ட்ரோலர்) போதும். பிடபிள்யூஎம் என்ற எளிய வகை கன்ட்ரோலரில் இது வேண்டாம், அது பேனலைப் பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்து மிச்சத்தை வீணாக்கிவிடும். ஒரு மூலையில் மரநிழல் விழுந்தாலும் அடுத்த வரிசை பாட்டுக்கு ஓடும். மூன்று வரிசையோ அதற்கு மேலோ போனால் வரிசைக்கு ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

பிரேக்கர் டிசிக்கானதாகவே இருக்கட்டும். ஏசி பிரேக்கரில் டிசி தீப்பொறி அணையாமல் நிற்கும். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைச் சேர்த்த 24 வோல்ட் பேங்கில் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் விளக்குக்கு வயர் இழுக்காதீர்கள், அந்த ஒன்று மட்டும் சீக்கிரம் சாகும். அதற்கு டிசி கன்வெர்ட்டர் தனியாகக் கிடைக்கிறது.