உச்சிக்கு மட்டுமா, தலை முழுதுக்குமா?

கல்யாணப் பெண்ணின் பின்னலில் சவுரி வைத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே பெண் பதினைந்து வருஷம் கழித்து, வகிடு அகன்றுபோய், உச்சியில் ஒரு துண்டு முடி வைப்பதென்றால் மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். நானும் சாத்திக்கொண்டவள்தான். எனக்கு உச்சியில் மட்டும் வைக்கிற டாப்பர். கீமோ நடந்த மாதங்களில் என் அக்காவுக்கு முழு விக். ஒரே வீட்டில், ஒரே கண்ணாடி முன்னால் இரண்டையும் வைத்துப் பழகியிருக்கிறோம்.

டாப்பர் என்றால் வெளியே தெரியாது, விக் என்றால் டோப்பா மாதிரி தெரியும் என்பார்கள். பாதிதான் உண்மை.

பெண்களுக்குப் பரம்பரையாக வரும் முடி உதிர்வில் நெற்றி ஓரம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், வகிடுதான் அகலும். டாப்பரின் பலமே அதுதான். நெற்றியோரத்துப் பூனைமுடி, காதோரக் கற்றை, பிடரி எல்லாம் நம்முடையது. சந்தேகப்படுகிறவர் கண் முதலில் போகும் இடங்களில் எல்லாம் சொந்த முடியே இருக்கும்போது, நடுவில் இருப்பதை யார் நோண்டப் போகிறார்கள்?

ஆனால் டாப்பரும் சொந்த முடியும் சேருகிற ஒட்டு என்று ஒன்று இருக்கிறதே. நான் முதலில் வாங்கியது கடை டியூப்லைட்டில் என் முடியோடு அப்படியே இழைந்தது. மறுநாள் பஸ் ஸ்டாப் வெயிலில் அது மட்டும் பூட் பாலிஷ் போட்ட மாதிரி தனியாக நின்றது. நம் முடி கன்னங்கரேல் என்று நாமேதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெயிலில் பார்த்தால் பழுப்பு அடிக்கும். நிற எண் 1 என்றால் மைக்கருப்பு, 1பி என்றால் கொஞ்சம் தணிந்த கருப்பு. சாயம் போடாத தலைக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் சேரும். வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க விடாத கடையில் டாப்பர் வாங்கவே வாங்காதீர்கள்.

முழு விக்கில் இந்தத் தொல்லை இல்லை. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு முடியே கிடையாதே. நிறமோ சுருளோ கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அதுதான் அவர் முடி என்று கண் ஏற்றுக்கொள்ளும். அதைக் காட்டிக்கொடுப்பது இரண்டு இடங்கள்: நெற்றியோரமும் அடர்த்தியும். முன்பக்கம் லேஸ், அதாவது மெல்லிய வலைத்துணி வைத்து ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டிருந்தால் ஓரம் தோலோடு கலந்துவிடும். துணி மடித்துத் தைத்திருந்தால் முன்முடியை நெற்றியில் வெட்டிவிட்டு மறைப்பதைத் தவிர வழியில்லை. அடர்த்தியைப் பலர் யோசிப்பதே இல்லை. ஐம்பதை நெருங்கும் அக்காவின் தலையில் காலேஜ் பெண்ணின் முடி! பார்லரில் கொடுத்து, உள்பக்கமாகக் கத்தரித்து மெலிதாக்கிய பிறகுதான் அவள் முகம் அவளுக்கே திரும்பி வந்தது. இன்னொன்று, முடி இருக்கும்போது எடுத்த தலை அளவு, கொட்டிய பிறகு தளர்ந்துவிடும். உள்ளே பட்டி வைத்து இறுக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

அன்றாடம் என்று பார்த்தால் டாப்பர்தான் லேசு. சென்னை மே மாதத்தில் தலை முழுக்க மூடிக்கொண்டு இருப்பது சாதாரண விஷயமில்லை. அக்கா உள்ளே பருத்தித் தொப்பி போட்டும் மத்தியானம் வந்தவுடன் கழற்றித்தான் வீசுவாள். ஸ்கூட்டி ஓட்டினால், ஹெல்மெட்டைக் கழற்றும்போது விக்கும் கூடவே கிளம்பும். டாப்பர் நகராது, ஆனால் அதைச் சொந்த முடியில் மாட்டுகிற கிளிப் மண்டையில் குத்தும். இரண்டு முழம் மல்லிகையை விக்கில் குத்தினால் பின்பக்கம் இழுபடும்; டாப்பர்காரிக்குக் கீழே சொந்த முடி இருக்கிறது, அதில் குத்திக்கொள்ளலாம். எண்ணெய் மட்டும் இரண்டுக்குமே ஆகாது.

இவ்வளவு சொன்னாலும் டாப்பருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது எந்த முடியைப் பிடித்து நிற்கிறதோ அந்த முடியையே தின்னும். கிளிப்பைத் தினமும் ஒரே இடத்தில் டக்கென்று மூடினால், இழுபட்டு இழுபட்டு அந்த இடத்தில் வேர் ஓய்ந்துபோகும். ஒரு வருஷத்தில் என் இடது காதுக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு முடி கொட்டி வெளுத்துவிட்டது. இப்போது கிளிப்பை ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே என்று மாற்றுகிறேன். வீட்டில் வைப்பதே இல்லை. கிளிப் பிடிக்கும் இடத்திலும் மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டால் டாப்பரை விட்டுவிட வேண்டியதுதான். அந்த நிலையில் முழு விக்தான் இயல்பாக இருக்கும்.

ஆண்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. வழுக்கை எவ்வளவு ஏறினாலும் காதோரமும் பிடரியும் பெரும்பாலும் மிஞ்சுவதால் வழுக்கையை மட்டும் மூடுகிற பேட்ச் போதும். ஆனால் நெற்றியோரம் அவர்களுக்குச் சொந்தமில்லை. அதனால் முன்பக்க லேஸ் விஷயத்தில் முழு விக்குக்குச் சொன்னதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். பசை போட்டு ஒட்டுகிறவர்கள் சில வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்ட வேண்டும்.

காசு விஷயம் எளிது. முழு விக்குக்கு முடி நிறைய வேண்டும், விலையும் அதற்குத் தகுந்தபடி ஏறும். திருப்பதி, பழனி போன்ற கோயில்களில் காணிக்கையாக விழும் முடி ஏலத்தில் போகிறது. நீளம் கூடக் கூட விலையும் கூடும். செயற்கை இழை மலிவு, ஆனால் வெயிலில் பளபளக்கும். டெங்குவுக்கோ பிரசவத்துக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுகிற முடி பெரும்பாலும் தானே திரும்பிவிடும், அதற்காக அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம்.

அக்காவுக்கும் முடி திரும்பியது, மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில். அந்த விக் இப்போது கவிழ்த்து வைத்த எவர்சில்வர் சொம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. போன தையில் ஒரு கல்யாணத்துக்குப் போக என் டாப்பரை எடுத்து வைத்துப் பார்த்தாள். கீமோவுக்கு முன் நேராக இருந்த முடி இப்போது சுருட்டையாக வந்திருக்கிறது; டாப்பர் மேலே தனியாகப் படுத்துக் கிடந்தது. "உன் டோப்பாவை நீயே வச்சுக்கோ" என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, குட்டை முடியோடு, பூவைக்கூட வைக்காமல் கிளம்பிவிட்டாள்.